ஆய்வக உதவியாளர்

பத்தாக்காவில் என் தொழில்
ஆய்வக உதவியாளர்.
நாலு வருஷமாக ஒரு குடுவையைக்கூடத் தொட்டதில்லை.
சோகார் மகளிர் கல்லூரிக்குக்
கோல்கீப்பிங் கோச் என்றொரு வேலை
கம்ப்யூட்டரின் பட்டியலில் இல்லையாம்.
மிச்சமிருந்ததில் இதுதான் கௌரவம் என்றார்
கிளார்க், இரக்கத்தோடு.

ஹதீல்தான் தலைமை. இர்பித்காரி.
விசாவில் அவள் நூலகர்.
தோற்ற நாளில் மட்டும் பஸ்ஸில் ஏறியதும்
'சத்தம் வேண்டாம், இது நூலகம்' என்பாள்.
மாரிவிக் பிசியோ.
விசாவிலும் பிசியோ.
அதில் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.
ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து
ஊருக்கு அனுப்பிய பணத்தின் கணக்கை
டேப் சுற்றிவந்த அட்டையில் எழுதுவாள்,
யார் கணுக்கால் எத்தனை நாள் என்பதற்குக் கீழேயே.

பயிற்சி, இஷா தொழுகைக்குப் பிறகு.
செப்டம்பரில் அந்நேரத்திலும்
செயற்கைப் புல் பூட்ஸின் அடியை இளக்கும்.
கடலிலிருந்து ஈரம் ஏறி
பந்தைச் சோப்பாக்கும்.
நான் உதைப்பேன், ரய்யா பாய்வாள்.
ஆங்கிலத்தில் அவளுக்குத் திசை குழம்பும்.
அரபியில் கத்தினால் எதிராளிக்கும் காது உண்டு.
ஆகவே நாலு சொல் தமிழ்:
இடது. வலது. இரு. விடாதே.
இப்போது பலூச்சி டிரைவரிடமும்
கையைக் காட்டி 'இரு' என்கிறாள்.
அவரும் இருக்கிறார்.

நிஸ்வாவோடு அரையிறுதி.
ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.
ஹதீல் வழக்கம்போல்
மைதானத்துக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள்.
மாரிவிக் எங்கள் முகங்களைப் படித்து
அவளுக்கு ஸ்கோர் சொல்ல வேண்டும்.
என் நோட்டில் நிஸ்வாக்காரிகளின் இடுப்புகள்:
எவள் எந்தப் பக்கம் திறப்பாள் என்று
ஆறு ஆட்டங்களில் எடுத்த குறிப்பு.

'இடது!'
பாய்ந்தாள். பிடித்தாள்.

'வலது!' என்றேன்.
எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: 'யமீன்! யமீன்!'
ஓடிவந்தவள் தன் வலத்துக்கு மாற்றினாள்.
ரய்யா வலப்பக்கம் மண்ணில்,
பந்து இடப்பக்கம் வலையில்.

பார்த்தேன்.
நீலத் தொப்பி, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்.
ராத்திரி ஒன்பதரைக்குக் கறுப்புக் கண்ணாடி.
தலையை மெல்ல ஆட்டினாள்,
நம்ம ஊர் ஆட்டல்.

மூன்றாவது.
ரய்யா என்னைப் பார்க்கிறாள்.
நாலு சொல்லும் வாயில் செத்துக்கிடந்தன.
'நீயே பார்' என்று கத்திவிட்டேன்.
கறுப்புக் கண்ணாடிக்குப் புரிந்தது.
புரிய வேண்டியவளுக்குப் புரியவில்லை.
என்ன என்று விழித்துக்கொண்டு
ரய்யா நட்டநடுவில் நின்றாள்.
பந்து நேரே வந்து
அவள் வயிற்றில் மோதியது.

அதன் பிறகும் தோற்றோம்.
எங்கள் கேப்டன் ஷம்ஸா அடித்தது
கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே,
யாரோ நிறுத்தியிருந்த பிக்கப்பின் மேலே.

கைகுலுக்கும் வரிசையில் அவள் நின்றாள்.
'சுகிர்தா. கல்முனை.'
'வியாசர்பாடி.'
'உங்கட வலது எங்கட பிள்ளையளுக்கு இடது தானே,
அதால யமீன் எண்டு கத்தினன். கோவிக்காதேங்கோ.'
கோபம்தான்.
ஆனாலும் வாய் கேட்டுவிட்டது:
'விசாவில் என்ன போட்டிருக்கு?'
'தையல்காரி' என்றாள்.
'ஒரு பட்டன் கூடத் தைக்கத் தெரியாது.'
நான் என்னுடையதைச் சொன்னேன்.
அவள் கையிலிருந்த பாட்டில் விழுந்தது.
தோற்றவர்களின் கோச் இப்படிச் சிரிக்கலாமா என்று
சுவரை விட்டுத் திரும்பிய ஹதீல்
என்னை முறைத்தாள்.

பஸ்ஸில் நூலகத்தின் அமைதி.
சஹம் தாண்டி, விளக்கில்லாத ஒரு வளைவில்
ரய்யா முன்னிருக்கைக்கு வந்தாள்,
வயிற்றில் ஐஸ் பொட்டலம் கட்டியபடி.
'கோச், நீயேபார் என்றால் என்ன?'

'இரு' என்பதற்கு
நீளமான சொல் என்றேன்.